மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்: ஒரு பக்கத்துச் சொந்தங்களின் கல்யாணம்

2002ஆம் ஆண்டு வெளிவந்த ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ காதல் நகைச்சுவைப் படம் என்று அறியப்பட்டாலும், அதில் காதலர் இருவருக்கும் நடுவே பெரிய சிக்கல் எதுவும் கிடையாது. பெண்ணுக்கும் அவளைப் பெற்றவருக்கும் இடையில்தான் கதை நடக்கிறது. மகள் மனத்தில் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து சாப்பாட்டு வேளையில்கூட முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் கல்யாணப் பந்தலில் எல்லோரையும்விட அதிகமாக ஓடியாடி வேலை செய்யும் அப்பாக்களை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை முதல் விளவங்கோடு வரை எங்கும் பார்க்கலாம் என்பதால், இந்தப் படம் நாகர்கோவிலில் ஒரு வீட்டு வரவேற்பறையில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பதற்குப் பொருத்தமான படம் என்று தயங்காமல் சொல்வேன்.

கதை எளிமையானது. சிகாகோ நகரில் உணவகம் நடத்தும் கிரேக்கக் குடும்பத்தின் மகள் டூலா. வயது முப்பதைத் தொட்டும் கல்யாணம் ஆகவில்லை என்பது தகப்பனார் கஸ் போர்ட்டோகலோஸின் தீராத கவலை. அவள் கல்லூரியில் கணினி வகுப்பில் சேர்ந்து, உணவகத்தை விட்டு உறவினரின் பயண முகவர் அலுவலகத்தில் வேலைக்குப் போய், அங்கிருந்து இயன் மில்லர் என்ற பள்ளி ஆசிரியரைக் காதலிக்கிறாள். அவர் கிரேக்கர் அல்லர். போதாக்குறைக்கு இறைச்சி சாப்பிடாதவர். இதற்குமேல் கதைச் சுருக்கம் தேவையில்லை.

படத்தை எழுதி, டூலாவாகவும் நடித்திருக்கும் நியா வார்டலோஸ், கனடாவின் வின்னிபெக் நகரில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தம் குடும்பத்தையும் தம் திருமணத்தையும் வைத்து அவர் தனியாக மேடையில் நடித்த நிகழ்ச்சியை நடிகை ரீட்டா வில்சன் பார்த்ததிலிருந்துதான் இந்தப் படம் பிறந்தது. ரீட்டா வில்சனும் அவருடைய கணவர் டாம் ஹாங்க்ஸும் தயாரிப்பில் இணைந்தார்கள். ஏறத்தாழ 50 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட படம், அமெரிக்காவில் ஒரு வாரம்கூட வசூல் பட்டியலில் முதலிடம் பிடிக்காமலே, வாய்வழிப் பேச்சினால் மாதக்கணக்கில் ஓடி, உலகம் முழுவதும் 36 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. அந்தத் திரைக்கதையின் பலம் முழுவதும், சொந்த வீட்டின் கூச்சலைக் கேட்டு வளர்ந்த ஒருவர் மட்டுமே எழுதக்கூடிய சின்னச் சின்ன விவரங்களில் இருக்கிறது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். டூலாவை வேறு வேலைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அதை நேரடியாகக் கேட்டால் கஸ் மறுத்துவிடுவார். எனவே அம்மா மரியாவும் வூலா ஆன்ட்டியும் அவரை உட்கார வைத்து, வேலைச் சுமையைச் சொல்லிச் சொல்லிப் புலம்பி, அதற்கு ஒரு வழியும் தோன்றாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். அந்த வழியைக் கஸ் தாமே கண்டுபிடித்துச் சொன்னதும், இப்படி ஒரு யோசனை உங்களைத் தவிர வேறு யாருக்கு வரும் என்கிற பாவனையில் வியந்து நிற்கிறார்கள். மரியாவாக நடித்த லெய்னி கஸானும் வூலாவாக நடித்த ஆண்ட்ரியா மார்ட்டினும் ஒருவரையொருவர் பார்த்தும் பார்க்காமலும் நடத்தும் இந்தக் காரியத்தை, நம் வீடுகளில் அம்மாவும் மைனியும் சேர்ந்து எத்தனை முறை நடத்தியிருக்கிறார்கள்! வீட்டுத் தலைவர் பட்டம் அப்பாவிடமே இருக்கும். காரியம் மட்டும் அடுக்களையில் முடிவாகியிருக்கும்.

கஸாக நடித்த மைக்கேல் கான்ஸ்டன்டைன்தான் படத்தைத் தாங்கி நிற்பவர். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அது கிரேக்கத்திலிருந்து வந்தது என்று நிறுவுவதும், எந்த உடல் உபாதைக்கும் கண்ணாடி துடைக்கும் விண்டெக்ஸ் திரவத்தைத் தெளிக்கச் சொல்வதும் சிரிப்புக்காக வைக்கப்பட்டவை என்றாலும், பிறந்த நாட்டை விட்டு வந்து பிழைக்கும் ஒரு மனிதர் தம் பிள்ளைகள் கைநழுவிப் போய்விடுவார்களோ என்று அஞ்சுவது அந்தச் சிரிப்புக்கு அடியில் எப்போதும் தெரிகிறது. அவர் கொடுமைக்காரரும் அல்லர், முட்டாளும் அல்லர். இந்த நிதானத்துக்காகவே படத்தை மதிக்கிறேன்.

கல்யாணக் காட்சிகளில் நம் மனம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். மணப்பெண் கோயிலுக்குள் நடந்து வரும்போது உறவினர்கள் தீமை அண்டாதிருக்க அவளை நோக்கித் துப்புவதைப் பார்த்ததும், உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டுத் தூ தூ என்று துப்பச் சொல்லும் நம் பாட்டிமார் நினைவுக்கு வருகிறார்கள். இயன் இறைச்சி சாப்பிட மாட்டார் என்றதும் திகைத்துப்போகும் வூலா, பரவாயில்லை, ஆட்டுக்குட்டி சமைக்கிறேன் என்கிறார். சைவம் என்று சொல்லிவிட்டுக் குளச்சலிலோ முட்டத்திலோ ஒரு வீட்டில் சாப்பிட உட்காருகிறவருக்கு, மீன் குழம்பு மட்டுமாவது ஊற்றட்டுமா என்று அன்போடு கேட்கும் குரல் இதிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. கல்யாணத்துக்கு முந்தைய இரவில் பாட்டி தன் பழைய மண முடியைப் பேத்திக்குக் கொடுக்க, மூன்று தலைமுறைப் பெண்களும் சேர்ந்திருக்கும் காட்சி, அத்தனை இரைச்சலுக்கு நடுவே மிகவும் அமைதியாக எடுக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு பிடித்த படத்தின்மேல் எனக்கு ஒரு பெரிய மனக்குறையும் உண்டு. இந்தக் கதையில் மரபு என்பது ஒரு பக்கத்துக்கு மட்டுமே இருக்கிறது. இயனின் பெற்றோர் வெளிறிய காகித உருவங்கள். அமைதியான விருந்து என்று எண்ணி வந்தவர்கள், வீட்டு முற்றத்தில் முழு ஆடு கம்பியில் சுழல்வதையும் ஊரே திரண்டிருப்பதையும் பார்த்து விழிக்கிறார்கள். இயனின் அம்மா கொண்டுவந்த நடுவில் துளையுள்ள கேக் இன்னதென்று புரியாமல், மரியா அந்தத் துளையில் ஒரு பூந்தொட்டியை வைத்து மேசைக்குக் கொண்டுவருகிறார். காட்சி நன்றாகவே சிரிக்க வைக்கிறது. ஆனால் அந்தக் கேக்கையும் ஒரு பாட்டி தன் மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம், அந்த வீட்டிலும் விட்டுக்கொடுக்க வலிக்கும் பழக்கங்கள் இருந்திருக்கலாம் என்று திரைக்கதை ஒரு கணமும் யோசிப்பதில்லை.

இந்தக் குறை நம்மவர்களுக்குக் கூடுதலாகவே உறுத்தும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் திரு-கொச்சியோடும் இருந்துவிட்டுத் தமிழகத்தில் சேர்ந்த நான்கு தாலுகாக்களின் மக்கள் நாம். கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. ஒரே பந்தியில் அவியலும் எரிசேரியும் பருப்பும் சாம்பாரும் விளம்பி, போளியைப் பாயசத்தில் பிசைந்து சாப்பிடுகிறோம். இங்கே கலப்பு மணம் என்றால் இரண்டு பக்கமும் தாத்தா உண்டு, இரண்டு பக்கமும் பிடிவாதம் உண்டு.

அதிலும் இயன் ஞானஸ்நானம் பெறும் இடம் எனக்கு நிறைவளிக்கவில்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோயிலில் மணம் முடிப்பதற்காக அவர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நின்று திருமுழுக்குப் பெறுகிறார், உறவினர்கள் மகிழ்கிறார்கள், படம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. எந்த முறைப்படி கல்யாணம், பிறக்கும் பிள்ளைகள் எந்தக் கோயிலுக்குப் போகும் என்ற கேள்விகளால் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுக்கும் கத்தோலிக்க வீட்டுக்கும் நடுவேகூட அது எளிதில் தீர்வதில்லை. இயன் தன் தாயிடம் இதை எப்படிச் சொன்னார், அந்தத் தாய் என்ன சொன்னார் என்று ஒரே ஒரு காட்சி வைத்திருந்தால் படம் பல படி உயர்ந்திருக்கும். ஜான் கார்பெட் கனிவாக நடித்திருக்கிறார்; ஆனால் எதற்கும் முகம் சுளிக்காத ஒருவரை எழுதிக் கொடுத்துவிட்டால் நடிகர் என்ன செய்ய முடியும்?

இயக்குநர் ஜோயல் ஸ்விக் தொலைக்காட்சித் தொடர்களில் பழகியவர் என்பது காட்சியமைப்பில் தெரிகிறது. படம் பார்ப்பதற்குப் பெரிய அழகு எதுவும் இல்லை. ஆங்கிலத்துக்குப் பழகாத பெரியவர்களோடு பார்ப்பவர்கள் பக்கத்தில் இருந்து அவ்வப்போது வசனத்தை எடுத்துச் சொன்னால் போதும். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான படம் என்பதால் அவர்கள் சலிப்படைய மாட்டார்கள். 2016இலும் 2023இலும் தொடர்ச்சிகள் வந்தன. இரண்டாம் படத்தைத் தாராளமாக விட்டுவிடலாம். மைக்கேல் கான்ஸ்டன்டைன் 2021இல் காலமான பிறகு வந்த மூன்றாவதில், கஸ் இறந்துபோக, குடும்பம் அவர் பிறந்த கிராமத்தைத் தேடிக் கிரேக்கத்துக்கே போகிறது. படமாக அது தொய்வானதுதான். ஆனாலும் முதல் படத்தில் கஸை நேசித்தவர்கள் அதையும் பார்க்கலாம்.