ஒரே டயாலிசிஸ் நாற்காலி, இரண்டு விதமான நோயாளிகள்

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். பார்வைக்கு இருவருக்கும் ஒரே மெஷின், ஒரே நர்ஸ். ஆனால் ஒருவருக்குச் சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்துவிட்டது. மற்றவருக்குக் கடும் தொற்றிலோ ரத்த இழப்பிலோ திடீரென முடங்கியது, அது மீளவும் கூடும்.

நிரந்தர நோயாளிக்குக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்), பெரும்பாலும் மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பேச்சு. அவருக்கு இந்த ஒழுங்கு சரிதான்.

இரண்டாமவரையும் இதே அட்டவணையில் போடுவதுதான் பெரிய தவறு என்பேன். அவருக்கு வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை வேண்டும். வீட்டில் ஒரு கேனில் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளக்கச் சொல்ல வேண்டும். அளவு கூடிக்கொண்டே போய், டயாலிசிஸுக்கு முந்தைய கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) தானாகக் குறைந்தால் சிறுநீரகம் விழிக்கிறது என்று அர்த்தம். டயாலிசிஸைக் குறைத்தோ நிறுத்தியோ பார்க்கலாம். கவனிக்காவிட்டால் தேவையில்லாமலே தொடரும்.

டயாலிசிஸில் உடலிலிருந்து நீரை வேகமாக இழுப்பதும் ஆபத்து. நடுவில் பிபி சரிந்தால், தேறிவரும் சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. கால்வலிக்கு ஐபுப்ரோஃபென் போடுவதும் அப்படியே. (மாத்திரைப் பட்டியலை ஒவ்வொரு முறையும் கேட்பது நர்ஸுக்குச் சலிப்புதான், கேட்கத்தான் வேண்டும்.)

இவருக்குப் பெரும்பாலும் கழுத்தருகே கதீட்டர்தான் (ரத்தக்குழாய்க்குள் செருகிய குழாய்). ஃபிஸ்டுலாவுக்கு அவசரமில்லை, ஆனால் குளிர் நடுக்கம் வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும், கதீட்டரில் தொற்று ஏற்பட்டிருக்கலாம். 90 நாள் கடந்தும் டயாலிசிஸ் தேவைப்பட்டால், நிரந்தரப் பாதிப்பு என்ற பேச்சு தொடங்கும். அதற்குப் பிறகு மீண்டவர்களும் உண்டு.