பழைய ஸ்கேனர், புதிய நேரோபேண்ட்: பெட்டியைத் திறக்கலாமா, வேறு வழி பார்க்கலாமா?

காட்பாடி நண்பர் புதிதாக ஒரு பாவ்ஃபெங் யூவி-5ஆர் வாக்கி-டாக்கி வாங்கினார். எங்கள் இருவருக்குமே அமெச்சூர் (ஹாம்) ரேடியோ உரிமம் உண்டு. "இன்னாண்ணா, கேக்குதா?" என்று 145 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டார். சத்துவாச்சாரியில் என் மேஜைமேல் இருக்கும் ஸ்கேனர், அதாவது பல அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ரேடியோ, 1990-களில் அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. அதில் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. இரைச்சல் துளியும் இல்லை, சிக்னல் முழுசாக இருந்தது, குரல் மட்டும் சிறுத்துவிட்டது. போனில் கூப்பிட்டு, ஐந்தாவது மெனுவில் 'நேரோ' (குறுகல்) என்று இருப்பதை 'வைடு' (அகலம்) ஆக்கச் சொன்னேன். அடுத்த நொடியே பழைய குரல் கிடைத்தது.

காரணம் எளிது. எஃப்எம்மில் பேச்சு என்பது அலைவரிசையின் ஆட்டம். பழைய 'வைடு' முறையில் இருபுறமும் 5 கிலோஹெர்ட்ஸ் வரை ஆடும், நேரோபேண்டில் 2.5 தான். ஆட்டம் பாதியானால் ஒலியின் மின்னழுத்தமும் பாதி, அதாவது 6 டெசிபெல் குறைவு. அமெரிக்காவில் 2013 ஜனவரி 1-க்குள் தொழில், காவல், தீயணைப்பு ரேடியோக்களை 25 கிலோஹெர்ட்ஸ் சேனல் அகலத்திலிருந்து 12.5-க்கு மாற்றச் சொன்னார்கள். என் ஸ்கேனர் அதற்கு முந்தைய காலத்துப் பெட்டி.

இங்கே நான் பேசுவது அமெச்சூர் பட்டையான 144–146 பற்றி மட்டும்தான். அடுத்தவர் அலைவரிசையை ஒட்டுக்கேட்பது சட்டப்படி குற்றம், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

முதல் வழி, பெட்டியைத் தொடாமல் விட்டுவிட்டு வெளியே ஒரு ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கர் மாட்டுவது. குரல் சிறுத்ததுதான் குறை என்றால் இதுவே போதும். சிக்னல் பலவீனமாக இருந்தால் மட்டும் பயன் குறைவு, ஏனென்றால் ஸ்பீக்கர் இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

இரண்டாவது வழி, உள்ளே இருக்கும் 455 கிலோஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டரை, அதாவது வேண்டிய சேனலை மட்டும் விடும் சல்லடையை, மாற்றுவது. சால்டரிங் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது இதைத்தான், எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. முராட்டா ஃபில்டர்களில் கடைசி எழுத்து அகலத்தைச் சொல்லும்: 'இ' என்றால் இருபுறமும் 7.5 கிலோஹெர்ட்ஸ், 'எஃப்' 6, 'ஜி' 4.5. பழைய பெட்டியில் 'இ' இருந்து, பக்கத்துச் சேனல்காரர் குரல் கலந்து வந்தால், 'ஜி' போட்டதும் அது அடங்கும். ஆனால் குரல் பெரிதாகாது. அதற்குக் காரணம் ஃபில்டருக்கு அடுத்த டிடெக்டர், அங்கேதான் ஒலி உருவாகிறது. இதை அறியாமல் ஃபில்டரை மாற்றிவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. என்னுடையதுபோல் 5 கிலோஹெர்ட்ஸ் படியில் மட்டும் நகரும் பெட்டிக்கு 145.0125 எட்டாது. 145.010 அல்லது 145.015-ல்தான் நிற்கும், இரண்டுமே 2.5 தள்ளி. அகலமான ஃபில்டர் இருப்பதால்தான் இந்தத் தள்ளலிலும் குரல் புரிகிறது. 'ஜி' போட்டால் அலையின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு, 'ச', 'ஸ' ஒலிகள் கரகரக்கும். அதுபோக, இன்னும் 5 கிலோஹெர்ட்ஸ் ஆட்டத்தில் பேசும் நண்பர்கள் உரக்கப் பேசும்போதெல்லாம் ஸ்க்வெல்ச் (பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் சுற்று) படக்கென்று மூடிக்கொண்டு வார்த்தையை விழுங்கிவிடும். நேரோவும் வைடும் கலந்து புழங்கும் நம் பட்டையில் இது பெரிய தொல்லை.

மூன்றாவது, ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், லேப்டாப்பின் யூஎஸ்பியில் செருகும் குட்டி ரேடியோ. டிஜிட்டல் டிவி பார்க்கச் செய்த ஆர்டிஎல்2832யூ சிப், இன்று ரேடியோக்காரர்களின் செல்லம். ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் காட்டும், அதனால் 144 முதல் 146 வரை முழுப் பட்டையும் லேப்டாப் திரையில் விரியும். யார் பேசினாலும் ஒரு கோடு எழும். அதன்மேல் சொடுக்கி, ஃபில்டரை மவுஸால் இழுத்து வைடுக்கு 16, நேரோவுக்கு 11 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். படிச் சிக்கலும் இல்லை. குறை இல்லாமல் இல்லை: மலிவான டாங்கிளில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழை இருந்தால் 145-ல் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளிக் காட்டும், ஆகவே டிசிஎக்ஸ்ஓ (வெப்பம் மாறினாலும் அதிகம் நகராத ஆஸிலேட்டர்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சிக்னலை 8 பிட்டில் மட்டுமே அளப்பதால் பக்கத்தில் வலுவான ஒலிபரப்பு இருந்தால் திணறவும் செய்யும். அப்புறம், லேப்டாப்பைத் திறந்து மென்பொருளை ஓடவிட்டால்தான் எதுவும் கேட்கும். ஸ்கேனருக்கு ஒரு பொத்தான் போதும்.

நான்காவது, யூனிடென் பிசி125ஏடி போன்ற புது அனலாக் ஸ்கேனர். நேரோ எஃப்எம் தனியாகவே இருக்கிறது. கையில் பழையது எதுவும் இல்லாதவர் இதை வாங்கலாம். இருப்பவர் குரல் பெரிதாக வேண்டும் என்பதற்காக மட்டும் இவ்வளவு செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டிஎம்ஆர் டிஜிட்டல் குரல் இதிலும் புரியாது.

எதை எடுத்தாலும் ஆன்டெனாவை மொட்டைமாடிக்கு ஏற்றுங்கள். வேலூரைச் சொல்லும்போது 'மரமில்லாத மலை' என்பார்கள். மரம் இல்லாவிட்டாலும் மலை விஎச்எஃப் (145 மெகாஹெர்ட்ஸ் போன்ற) அலையை மறிக்கத்தான் செய்கிறது. 145-க்குக் கால் அலை நீளம் சுமார் அரை மீட்டர், ஒரு கம்பித்துண்டு போதும்.

என் ஸ்கேனரின் மூடியை இதுவரை திறக்கவில்லை. ஸ்பீக்கர் ஒன்று சேர்ந்திருக்கிறது. 145.0125-ல் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும்போது மட்டும் டாங்கிளை எடுக்கிறேன். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் நண்பர் சாயந்திரம் நேரோவில் பேசினாலும் இப்போது கூடம்வரை கேட்கிறது.