ஃபோலிக் ஆசிட் மாத்திரை: மருந்து அருமை, சீட்டில் ஏறும் நேரம்தான் மோசம்

கோவை, ஈரோடு, திருப்பூர் என எந்த ஊர் மெடிக்கலிலும் கிடைக்கும் மலிவான மஞ்சள் வைட்டமின் மாத்திரை. மருந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பு தண்டுவடக் குறையோடு (கருவிலேயே தண்டுவடம் சரியாக மூடாத குறை) குழந்தை உண்டான தாய்மார்கள் தினம் 4 மி.கி. சாப்பிட்டபோது, அடுத்த குழந்தைக்கு அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது என்று 1991-லேயே பிரிட்டன் ஆய்வு காட்டிவிட்டது.

குறையெல்லாம் எழுதித் தரும் விதத்தில். "நாள் தள்ளிப்போச்சுங்க டாக்டர்" என்று போன பிறகுதான் பெரும்பாலும் இது சீட்டில் ஏறுகிறது. மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக் குழாய், கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிவிடும். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஆறு வாரம். வீட்டில் டெஸ்ட் பார்த்து, டாக்டரைப் பார்க்கப் போவதற்குள் அந்த ஆறு வாரம் ஓடிப்போயிருக்கும். அப்புறம் தொடங்கினால் ரத்தசோகைக்கு உதவும், மூடாமல் போன குழாயை மூடாது. சுகாதார நிலையத்தில் நான்காம் மாதம் முதல் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் உண்டு; இந்தக் குறையைத் தடுக்க அதுவும் பிந்தியதே.

மகப்பேறு டாக்டர்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் கர்ப்பத்துக்கு முன்னால் ஒரு பெண் போவது காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் வலிப்புக்கும் வேறு டாக்டர்களிடம். "குழந்தைக்குப் பார்க்கறீங்களா?" என்று அங்கேதான் கேட்க வேண்டும், அங்கேதான் கேட்பதில்லை. வேல்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிடும் பெண்ணிடம் கேட்காமல் விடுவதை மன்னிக்கவே முடியாது. அந்த மருந்தே தண்டுவடக் குறைக்குக் காரணமாகும். அதற்காகத் தானாக நிறுத்திவிடவும் கூடாது. வேறு மருந்துக்கு மாறுவதை கர்ப்பத்துக்கு முன்பே நரம்பு டாக்டரிடம் பேசி முடிக்க வேண்டும்.

அளவிலும் கவனம் போதாது. சாதாரணமாகத் தினம் 400 மைக்ரோகிராம் போதும்: கரு தரிக்கக் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்னால் தொடங்கி 12 வாரம் வரை. முந்தைய குழந்தைக்குக் குறை இருந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோருக்குத்தான் 5 மி.கி. இங்கே பலருக்கும் அதையே எழுதிவிடுகிறார்கள். கவுச்சி தொடாத வீட்டுப் பெண்களுக்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்தால், இந்தப் பெரிய அளவு ரத்தசோகையை மறைத்துவிடும். நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் தொடரும். பி12 பார்த்துவிட்டு எழுதும் டாக்டரை நம்பிப் போகலாம்.

செறிவூட்டிய ரேஷன் அரிசியே போதும் என்று இருக்க வேண்டாம். கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம்தான். நாளைக்கு 300 கிராம் அரிசி பொங்கினாலும் 40-ஐ எட்டாது, வடிகஞ்சியில் கொஞ்சம் போய்விடும். முருங்கைக்கீரையும் பச்சைப்பயறும் நல்லவை, மாத்திரைக்கு ஈடல்ல.

இதே வைட்டமினின் வேறு வடிவமான, விலை கூடிய மெத்தில்ஃபோலேட் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். நரம்புக் குழாய்க் குறையைத் தடுப்பதாக ஆய்வில் நிரூபித்தது சாதாரண ஃபோலிக் ஆசிட்தான். வாங்கும்போது அட்டையில் மில்லிகிராமா மைக்ரோகிராமா என்று பாருங்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம், வழக்கம்போல ஒன்றே போதும்.