பழகாத குதிரைக்குட்டி: பிடித்துக் கட்டுவதா, விட்டுப் பிடிப்பதா?

ஆட்களின் கை அதிகம் படாத இளங்குதிரை ஒன்று நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்து கொழும்பு வளவொன்றில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். "இண்டைக்கே பிடிச்சுக் கட்டுங்கோ அண்ணை, பிறகு ஏலாது" என்பார் ஒருவர். "பாவம், விடுங்கோ, தானா வரும்" என்பார் இன்னொருவர். இருவரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு வழியிலும் குதிரை கற்றுக்கொள்வது வேறு வேறு.

முதலில் கட்டிப் பழக்கும் வழி. இதில் வேலை சீக்கிரம் முடிந்ததுபோலத் தெரியும். கம்பத்தில் கட்டிய குட்டி இழுக்கும், துள்ளும், கடைசியில் ஓய்ந்து நிற்கும். அந்த ஓய்வை அமைதி என்று நம்பக் கூடாது. கண் நிலைகுத்தி, வாய் இறுகி, காது அசையாமல் நின்றால் அது பயத்தில் உறைந்த நிலை. ஆபத்து வந்தால் ஓடுவதுதான் குதிரையின் இயல்பு. ஓட வழியில்லாத குட்டி கயிற்றோடு போராடிக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ளலாம், பின்பக்கமாக விழுந்து தலையிலும் அடிபடலாம். அவசரச் சிகிச்சை தேவைப்பட்டால் தவிர இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அப்படியே விட்டுவிடும் வழி முதல் ஓரிரு நாட்களுக்கு மிக நல்லது. குட்டி தின்னவேண்டும், குடிக்கவேண்டும், ஊர்ச் சத்தங்களைக் கேட்டுப் பழகவேண்டும். கரையோர ரயில், பாண்காரரின் முச்சக்கரவண்டிப் பாட்டு, சித்திரைப் புத்தாண்டு வெடி எல்லாம் அதற்குப் புதிது. ஆனால் கிழமைக்கணக்கில் விட்டால், தான் விலகினால் மனிதர் போய்விடுவார் என்ற பாடம் அதற்கு நன்றாக ஊறிவிடும். குளம்பைச் சீவ ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருதடவை ஆள் வரவேண்டுமே, அப்போது என்ன செய்வது?

ஆகவே என் தெரிவு இரண்டுக்கும் நடுவிலான மூன்றாவது வழி, அதாவது கிட்டப் போய் விலகி, விட்டுப் பிடிப்பதுதான். இதில் எல்லாமே நாம் எப்போது பின்வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பதைக் குதிரையால் பார்க்க முடியாது. அதனால் தோள்பக்கமாகச் சாய்வாக நடந்து போங்கள். குட்டி தலையைத் தூக்கி, உடலை இறுக்கும் இடத்தில் நில்லுங்கள். அது ஓடுவதற்கு முன், மூச்சு விட்டு ஒரு காதை உங்கள் பக்கம் திருப்பும் நொடியில் நீங்களே திரும்பி நடந்துவிடுங்கள். ஓடாமல் நின்றாலும் மனிதர் விலகுவார் என்று அது அப்போதுதான் புரிந்துகொள்ளும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும், நாளுக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம். முதல் தொடுதல் மூக்கில் வேண்டாம். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் பிடரி அடியில் தொடுங்கள். கையில் தின்பண்டம் காட்டிக் கூப்பிடுவது சுலபம்தான், ஆனால் கடிக்கும் பழக்கத்துக்கு அதுவே வாசல். தலைக்கயிற்றைப் போட்டபடி இரவில் விட்டுவிடவும் கூடாது. எங்காவது மாட்டிக்கொள்ளும்.

லாயமா, திறந்த அடைப்பா? சந்தேகமே இல்லை, அடைப்புத்தான். முள்கம்பி இல்லாத, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் வேலி, நிழல், மழைக்கு ஒதுங்கக் கூரை, தண்ணீர் தேங்காத தரை. இவ்வளவும் இருந்தால் சரி. துணை விடயம்தான் சிக்கல். தனியாக நிற்கும் குட்டி வேலியோரம் ஓடியோடிக் களைத்துவிடும். உடனே மற்றக் குதிரையோடு விட்டாலோ, தொண்டைக் கழலை வீங்கிச் சீழ் வைக்கும் நோய்போன்றவை தொற்றலாம். இரண்டு மூன்று கிழமைக்கு, நிதானமான வயதான குதிரை ஒன்றைக் கண்ணில் படும் தூரத்தில் வையுங்கள். மூக்கோடு மூக்கு உரச விடாதீர்கள், வாளியும் வேறாக இருக்கட்டும்.

தீனியில்தான் பலர் கவனம் தவறுகிறார்கள். மலையில் தின்ற புல்லிலும் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். 200 கிலோ எடையுள்ள குட்டிக்கு நாளொன்றுக்கு உலர்நிலையில் சுமார் 4 கிலோ புல் வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான் என்பதால் அது 20 கிலோவாகிவிடும். இங்கே லேசாகக் கிடைப்பது சி.ஓ.3 என்ற தீவனப் புல்லும் கினிப்புல்லும். இரண்டிலும் உள்ள ஒக்சலேட் என்ற பொருள், எலும்புக்கு வேண்டிய கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதோடு பொஸ்பரஸ் நிறைந்த அரிசித் தவிட்டையும் கொட்டினால், வளரும் குட்டியின் எலும்பு பலவீனமாகி முகமே வீங்கலாம். தவிட்டைக் குறைத்து, கல்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

வெப்பமும் புதிது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம், கொழும்போ கடலோரப் புழுக்கம். தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும், பழக்கும் வேலையைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வியர்க்காமல் மூச்சு வாங்கினால் உடனே நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். லத்தி போடாமல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரண்டால் அது வயிற்றுவலி, வைத்தியரைக் கூப்பிடப் பிந்தக் கூடாது. அதற்குள் தலைக்கயிறு போட இடம் கொடுக்கும் அளவுக்கு குட்டி பழகியிருந்தால், வைத்தியருக்கும் அதற்கும் பாதிச் சிரமம் மிச்சம்.