பிட் டேக்கும் கை ரீடரும்: தீவுப் பாம்பு வேலைக்கு வாங்கலாமா?

தீவில் எத்தனை பாம்பு இருக்கிறது என்று கணக்கெடுக்க, பாம்பின் தோலுக்கடியில் போடும் அடையாள எண் குப்பிதான் பிட் டேக்; அந்த எண்ணைப் படிக்கும் கைக்கருவிதான் ரீடர். டேக்குக்கு ஐந்தில் நாலரை தருவேன், நான் வாங்கிய ரீடருக்கு இரண்டரைக்கு மேல் தர மனசு வரவில்லை.

டேக் என்பது அரிசி மணி அளவிலான கண்ணாடிக் குப்பி, நீளம் 12 மி.மீ., எடை கிட்டத்தட்ட 0.1 கிராம். உள்ளே பேட்டரி கிடையாது; ரீடர் அனுப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். தீர்ந்துபோக எதுவும் இல்லாததால் பாம்பின் ஆயுள் முழுக்க வரும். வயிற்றுச் செதிலை ஓரத்தில் வெட்டி அடையாளம் வைக்கிற பழைய முறையில் வெட்டு நாளாக நாளாக ஆறி மங்கி, இது 14-ஆ 15-ஆ என்று ரெண்டு பேர் உட்கார்ந்து வாதாட வேண்டியிருக்கும். ரேடியோ டிரான்ஸ்மிட்டரை உள்ளே வைக்க அறுவை சிகிச்சை வேண்டும், பேட்டரி தீர்ந்தால் மறுபடியும் அறுக்கணும்.

ஊசி போடுவதில்தான் கைப்பழக்கம் வேண்டும். உடலின் பின்பகுதியில் பக்கவாட்டில், இரண்டு செதில்களுக்கு நடுவே ஊசியைச் சாய்வாகத் தோலுக்கடியில் நுழைத்து, டேக்கை விட்டதும் விரலால் அந்த இடத்தை அழுத்தியபடியே ஊசியை வெளியே இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் போன வழியிலேயே டேக்கும் திரும்பி வந்துவிடும். ஒரு பாம்புக்கு ஒரு ஊசி, அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. சின்னப் பாம்புகளுக்கு 8 மி.மீ. டேக் கிடைக்கிறது, முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குட்டி என்றால் அதையும் போடாதீர்கள்.

ரீடர் கதை வேறு. நல்ல வெயிலில் திரையில் எண் தெரியவில்லை, உடம்பை வளைத்து நிழல் போட்டுத்தான் படிக்கணும். உப்புக் காற்றில் பேட்டரி மூடிக்குள்ளே இருக்கும் உலோகத் தகடு பச்சை பூத்துவிட்டது. படிக்கும் தூரம் சில சென்டிமீட்டர்தான், அதாவது பாம்பைப் பிடித்த பிறகுதான் இந்தக் கருவியால் பயன். புதரில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்துத் தரும் என்று நினைத்து வாங்காதீர்கள். அதோடு டேக் உள்ளே குறுக்காகத் திரும்பியிருந்தால் 'பீப்' வராது. கழுத்திலிருந்து வால் வரை மெதுவாக, இரண்டு பக்கமும், இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மொத்தக் கணக்கும் மறுபடி பிடிபடுகிற பாம்புகளை வைத்துத்தான். 20 பாம்புக்கு டேக் போட்டீர்கள், அடுத்த முறை பிடித்த 20-இல் 10 டேக் உள்ளவை, அதாவது பாதி, அப்படியானால் முதலில் டேக் போட்ட 20-உம் மொத்தத்தில் பாதிதான், சரி, தீவில் சுமார் 40 இருக்கலாம். அந்தப் பத்தில் ஐந்தை ரீடர் கோட்டைவிட்டால் விடை 80 ஆகிவிடும்! அழிவின் விளிம்பில் இருக்கிற இனத்தை இரண்டு மடங்காகக் காட்டுகிற தப்பு இது. அதனால் செதில் வெட்டையும் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கருவி சரியாக நடந்துகொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆன்டிகுவா ரேசர்தான் உதாரணம். 1995-இல் கரீபியன் கடலில் ஆன்டிகுவாவை ஒட்டிய கிரேட் பேர்ட் தீவில் சுமார் ஐம்பது மட்டுமே மிஞ்சியிருந்த, விஷமில்லாத பாம்பு. ஆன்டிகுவாவில் கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்கக் கீரியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது எலியை விட்டுவிட்டுப் பாம்பைத் தின்று தீர்த்தது. கீரி போய்ச்சேராத இந்தக் குட்டித் தீவிலோ எலிகள் பாம்பின் வாலைக் கடித்துக் குதறின. எலிகளை விஷம் வைத்து ஒழித்த பிறகு எண்ணிக்கை சீக்கிரமே இரட்டிப்பானது, பக்கத்துத் தீவுகளிலும் கொண்டுபோய் விட்டார்கள், இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பிடித்த பாம்புகளுக்கு டேக் போட்டுத் தொடர்ந்து கவனித்ததால்தான் இந்த ஏற்றத்தை நம்பிச் சொல்ல முடிகிறது. டேக் எதையும் காப்பாற்றவில்லை, காப்பாற்றியது எலி ஒழிப்பு. ஆனால் அந்தச் செலவு வீணா இல்லையா என்று கேட்டால் பதில் சொல்ல வேறு வழி?

டேக்கை ஊசியிலேயே அடைத்துக் கிருமிநீக்கம் செய்து விற்பதைப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. ரீடர் கண்டிப்பாக இரண்டு வேண்டும். உங்களுக்கு முன்னால் வேலை செய்தவர்கள் பழைய 125 கிலோஹெர்ட்ஸ் டேக் போட்டிருந்தால், அதையும் படிக்குமா என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.