தொடாமல் அளப்பதா, இழுத்து அளப்பதா?

ஒரு திரவத்தின் பாகியல் எண்ணை (ஓடுவதற்கு அது காட்டும் எதிர்ப்பின் அளவை) கணினியில், மூலக்கூறுகளின் அசைவை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் மூலக்கூறு இயக்கவியல் முறையில் கணக்கிட இரண்டு வழிகள் முக்கியமானவை. திரவத்தைச் சமநிலையிலேயே விட்டுவிட்டு, அதனுள் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் உள்விசை) தானாக ஏறி இறங்குவதைப் பதிவுசெய்வது கிரீன்–கூபோ வழி. அடுக்குகளை எதிரெதிர்த் திசையில் இழுத்து, எழும் எதிர்ப்பை அளப்பது நேரடி வழி.

இரண்டும் ஒரே விடையில்தான் முடிய வேண்டும் என்கிறது நேரியல் மறுமொழிக் கோட்பாடு. மெல்லிய விசைக்கு ஓர் அமைப்பு எப்படி அசையும் என்பது, விசையே இல்லாதபோது அது ஆடும் ஆட்டத்தில் முன்கூட்டியே பதிந்திருக்கிறது. 1950களில் கிரீனும் கூபோவும் நிறுவிய இந்த உறவு, இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்தவற்றுள் ஒன்று.

கிரீன்–கூபோவின் பெரிய லாபம், ஒரே கணினி ஓட்டத்தில் பாகியல் எண், வெப்பக் கடத்துத்திறன், விரவல் எண் (துகள்கள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பது) மூன்றும் கிடைப்பது. தொல்லை, தொகையீட்டில் இருக்கிறது. இந்தக் கணத்துத் தகைவையும் சற்றுப் பிந்தைய தகைவையும் பெருக்கிச் சராசரி எடுத்தால் ஒரு வளைவு வரும்; அதன் கீழுள்ள பரப்பைக் கூட்டும் தொகையீடுதான் பாகியல் எண்ணைத் தருகிறது. திரவ ஆர்கானில் அது முதல் சில பிக்கோ விநாடிகளிலேயே சரிந்துவிடும். எஞ்சிய வால் இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும். தொகையீட்டைச் சீக்கிரம் நிறுத்தினால் வாலின் பங்கு போய்விடும். நீட்டினால் இரைச்சல் குவிந்து விடை அலையும். வால் அற்பமானதும் அல்ல. விரவல் எண்ணைத் தரும் துகளின் திசைவேகத் தொடர்பு (இப்போதைய வேகத்துக்கும் பிந்தைய வேகத்துக்கும் உள்ள ஒற்றுமை) நேரத்தின் −3/2 அடுக்கில் மெதுவாகத் தேய்வதை 1970இல் ஆல்டரும் வெயின்ரைட்டும் காட்டினார்கள்.

நேரடி வழியில் குறிப்பலை, அதாவது அளக்க வேண்டிய எதிர்ப்பு, பளிச்சென்று தெரியும். ஆனால் அதற்காக அடுக்குகளை விநாடிக்கு 10⁹, 10¹⁰ என்ற வீதங்களில் (அடுக்குகளின் வேக வித்தியாசத்தை இடைவெளியால் வகுத்தது) வழுக்கவிட வேண்டியிருக்கிறது. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் அந்த வேகத்தில் ஓட்டத்தின் திசைக்குத் திரும்பிக்கொள்ள, பாகியல் எண் குறைந்து தெரியும். பல வீதங்களில் அளந்து சுழிக்கு நீட்டிப் பார்த்தாக வேண்டும். இழுப்பதால் உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் விடையில் கைவைக்கலாம்.

கெட்டியான திரவம் என்றால் இழுப்பதே மலிவு என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திரவத்தின் தளர்வு நேரம் (தகைவு தணிய எடுக்கும் நேரம்) நீண்டால் கிரீன்–கூபோவுக்கு அதைப்போல் பல மடங்கு நீளக் கணினி ஓட்டம் தேவை, உண்மைதான். ஆனால் நேரியல் எல்லைக்குள் (விசைக்கு ஏற்ற விகிதத்தில் மறுமொழி வரும் வரம்புக்குள்) நிற்க வேண்டுமானால் வழுக்கு வீதமும் அந்த நேரத்தின் தலைகீழைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அங்கே குறிப்பலை மறுபடி இரைச்சலுக்குள் போய்விடும். சேமிப்பு அத்தோடு சரி.

எளிய திரவங்களுக்கு நான் தயங்காமல் கிரீன்–கூபோவையே எடுப்பேன், தனித்தனி ஓட்டங்கள் பலவற்றின் சராசரியோடு. பற்சக்கரங்களுக்கிடையே நசுங்கும் மசகெண்ணெய் வேறு கதை: அங்கே வேகமான வழுக்கலே கேள்வி, நேரியல் எல்லை தாண்டப்பட்டுவிட்டது. அதற்கு இழுத்துத்தான் பார்க்க வேண்டும்.