ஹெலிகொப்டர் பைலட் படிப்புக்குக் காசு கட்டமுதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

போன கிழமை கோண்டாவில் சந்தியடியில், தம்பியின் ஹெலிகொப்டர் படிப்புக்கென்று எங்களிடம் காசு வாங்கினவர்களின் அதே பதாகையை மறுபடி கண்டேன். நிறுவனத்தின் பெயர் மாறியிருக்கிறது. ஆனால் அதே ஹெலிகொப்டர் படம், "12 மாதத்தில் கொமர்ஷல் பைலட்" என்ற அதே வரி, கீழே அதே தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்துக்கு நான் எத்தனை தரம் எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. கடைசி மூன்று மாதமாக ஒருதரும் தூக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டமாம். அதற்கு முதல் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பலாலிப் பக்கத்து ஆட்கள். 1990இல் இடம்பெயர்ந்தது. அம்மாவுக்கு ஹெலிச் சத்தம் என்றால் பங்கர்தான் நினைவு. இன்றைக்கும் மேலே சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அப்படிப்பட்டவரிடம் என் தம்பி ஏ.எல். முடித்த கையோடு வந்து, "அம்மா, நான் ஹெலி ஓடப் படிக்கப்போறன்" என்றான். அம்மா கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதிலை ஆக்களைக் காப்பாத்துறவையும் இருக்கினம்தானே மோனே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாளே சம்மதம்.

பிறகு அந்த நிறுவனம் வைத்த கூட்டத்துக்குப் போனோம். அங்கே கதைத்தவர் தோளில் நாலு பட்டி போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்றார். எல்லோரும் அவரைக் கப்டன் என்றார்கள். அவரிடம் பைலட் லைசென்ஸே இல்லை என்று எங்களுக்கு ஒரு வருசம் கழித்துத்தான் தெரியவந்தது. அம்மா எழும்பி, "தம்பி, படிச்சு முடிச்சா வேலை நிச்சயமோ?" என்று கேட்டார். அவர் சொன்ன பதிலை நான் கொப்பியில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "அம்மா, அமெரிக்காவிலை 150 மணித்தியாலம் பறந்தாக் காணும், லைசென்ஸ் கையிலை. உடனை அங்கையே இன்ஸ்ரக்டர் வேலை. சம்பளம் எடுத்துக்கொண்டே ஆயிரம் மணித்தியாலம் சேர்க்கலாம். பிறகு எந்த நாட்டுக்கும் போகலாம்."

இந்தப் பதிலில் 150 என்ற கணக்கு மட்டும் சரி. அமெரிக்காவில் ஹெலிகொப்டர் கொமர்ஷல் லைசென்ஸுக்குப் பொதுவாக அவ்வளவு மணித்தியாலம் வேண்டும். மற்றதெல்லாம் பிழை. அவர்கள் தம்பியை அனுப்பின அமெரிக்கப் பள்ளி படிப்பிக்க வைத்திருந்தது ரொபின்சன் ஆர்-22, இரண்டு இருக்கை ஹெலிகொப்டர். அதில் படிப்பிக்கிறவருக்கு ஹெலிகொப்டரில் குறைந்தது 200 மணித்தியாலமும், அதில் 50 ஆர்-22இலேயே பறந்ததாகவும் இருக்கவேண்டும் என்று அமெரிக்காவில் 1995இலிருந்து தனிச் சட்டம் உண்டு. 150 மணித்தியாலத்தோடு வெளியில் வருகிற பிள்ளையை அந்த மெசினில் படிப்பிக்க விடமாட்டார்கள். அதைவிட, தம்பிக்குக் கிடைத்தது எம்-1 என்ற தொழிற்பயிற்சி மாணவர் விசா. அதில் படிக்கும்போது வேலை செய்யவே ஏலாது. முடித்த பிறகு நாலு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், ஆகக்கூடியது 6 மாதம் வேலைப் பயிற்சி. ஆயிரம் மணித்தியாலம் எங்கே சேர்க்கிறது? எஃப்-1 என்ற மற்ற வகை மாணவர் விசாவுக்கு வழி உள்ள பள்ளி என்றால் அந்தப் பயிற்சிக் காலம் 12 மாதம் வரை போகும். இந்த வித்தியாசத்தைக் கூட்டத்தில் ஒருதரும் வாய் திறந்து சொல்லவில்லை.

முழுத்தொகையையும் ஒரேயடியாகக் கட்டினால் 10 வீதம் கழிவு என்றார்கள். இல்லாவிட்டால் 28,000 டொலர் முதல் பாகம், மிச்சம் பாதிப் படிப்பில். கனகாலத்துக்குப் பிறகு திரும்பக் கிடைத்த 4 பரப்புக் காணியை ஈடு வைத்தோம். என் தாலிக்கொடியும் அடகுக்குப் போனது. மிச்சத்தை ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா போட்டார். காசு போனது யாழ்ப்பாண ஒபிஸின் கணக்குக்கு. ரசீதில் "கல்வி ஆலோசனைக் கட்டணம்" என்று இருந்தது. கையெழுத்து வைக்கும்போது அந்த மூன்று சொல்லையும் நான் வாசித்தேன். கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. பிறகு முறைப்பாடு எழுதப் போனபோது, பறப்புப் பயிற்சிக்கென்று நாங்கள் காசு கொடுத்ததற்குக் கடதாசியில் ஒரு சான்றும் இருக்கவில்லை.

தம்பி போய் இறங்கியபோது பள்ளியில் ஆர்-22 ஒன்று, அதைவிடப் பெரிய நாலு இருக்கை ஆர்-44 ஒன்று, இன்ஸ்ரக்டர் ஒருவர், மாணவர் மூன்று பேர். முதல் நாள் மெசினுக்குள் ஏறியிருந்து படம் எடுத்து அனுப்பினான். சிரித்த முகம். பின்னால் டாஷ்போர்ட்டில் மணித்தியால மீற்றர் தெரிந்தது: 2163. எங்களுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி முகத்தைத்தான் பார்த்தோம்.

ஆர்-22ஐ 2,200 மணித்தியாலம் ஓடினதும், அல்லது 12 வருசம் ஆனதும், முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கவேண்டும். புது மெசின் விலையில் பெரும்பங்கு அந்த வேலைக்கே போகும். அதாவது தம்பி ஏறியிருந்த மெசினில் மிச்சம் 37 மணித்தியாலம். அதை மூன்று பேர் பங்கு போட்டார்கள். மீற்றர் 2,200ஐத் தொட்ட அன்றைக்கு மெசினைத் தள்ளிக் கொட்டகைக்குள் விட்டார்கள். அதற்குப் பிறகு அது வெளியே வரவில்லை. புதுப்பிக்கப் பள்ளியிடம் காசில்லை. அடுத்த மாணவர் கட்டும் காசை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பிறகு ஆர்-44இல் பற என்றார்கள். அதற்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்புக் காசு, கட்டின காசிலிருந்தே கழிப்பு. இன்ஸ்ரக்டர் கட்டணம் தனி. எஞ்சினைச் சூடாக்கும் நிமிசமும் அணைக்கமுதல் ஆறவிடும் நிமிசமும்கூட பில்லில் வந்தது. சில மெசினில் மீற்றர் எஞ்சின் எண்ணெய் அழுத்தம் வந்ததுமே ஓடத் தொடங்கும், சிலதில் மெசினை மேலெழுப்பும் கம்பியை உயர்த்தின பிறகுதான். இதைக் கேட்கவேண்டும் என்று எங்களுக்கு ஆர் சொன்னது?

நிறையும் ஒரு பிரச்சினை. தம்பி 92 கிலோ. ஆர்-22 எரிபொருளோடும் ஆட்களோடும் தூக்கக்கூடிய முழு நிறை 622 கிலோ, மெசினின் வெறும் நிறையே 400 கிலோவுக்குக் கிட்ட. இன்ஸ்ரக்டரும் நல்ல உடம்புக்காரர். இரண்டு பேரும் ஏறினால் தாங்கியை நிரப்ப ஏலாது, பறப்பு நேரம் குறையும். ஓர் இருக்கைக்கு 109 கிலோ என்ற எல்லையும் இருக்கிறது. பிள்ளையின் நிறையைக் கேட்காமலே எங்களிடம் காசு வாங்கினார்கள்.

"அடுத்த கிழமை மெசின் வரும்" என்று எட்டு மாதம் போனது. தம்பி அறைக்குள் இருந்து வானொலி உரையாடலையும் காலநிலைப் பாடத்தையும் தானே படித்தான். நான் வட்ஸ்அப்பில் கதைக்கும்போதெல்லாம், "பரவாயில்லை அக்கா, வரும்" என்பான். அவன் எங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னான் என்று இப்போது விளங்குகிறது. எம்-1 மாணவர் முதல் 6 மாதத்துக்குப் பிறகு, தன் கையை மீறின காரணத்தைக் காட்டினாலொழிய வேறு பள்ளிக்கு மாற ஏலாது. எட்டாவது மாதத்தில்தான் மாறலாமா என்று கேட்டோம். பள்ளி ஒரு கடிதமும் தரவில்லை.

அவன் கொண்டு வந்த, பறந்த நேரத்தை எழுதும் லொக் புத்தகம் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அழகான கையெழுத்து. 0.9, 1.1, 0.8 என்று வரி வரியாக. நாலாவது பக்கம் பாதியில் நிற்கிறது. கூட்டினால் 26.3 மணித்தியாலம். அங்கே சாதாரண தனியார் லைசென்ஸுக்கே 40 மணித்தியாலம் வேண்டும்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவிலேயே சில்வர் ஸ்டேட் ஹெலிகொப்டர்ஸ் என்ற மிகப் பெரிய பள்ளி 2008 பெப்ரவரி 3ஆம் திகதி ஒரே நாளில் கதவை மூடி வங்குரோத்துக்குப் போனது. மாணவர் 2,500 பேருக்கு மேல் நடுத்தெருவில் நின்றார்கள். சுமார் 70,000 டொலரைக் கடன் எடுத்து முன்கூட்டியே கட்டினவர்கள். இதைக் கண்ட பிறகு அங்கே அனுபவப்பட்ட பைலட்மார் இப்போதும் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லுவது: பறந்த மணித்தியாலத்துக்கு மட்டும் காசைக் கட்டு. முன்பணம் வைத்தாலும் ஒரு மாதப் பறப்புக்கு மேலே வைக்காதே. கழிவு தருகிறோம் என்று சொல்லுகிற இடத்தில் இன்னும் கவனம்.

பிள்ளை ஆசைப்பட்டால் தடுக்காதேங்கோ. முதலில் மெடிக்கல், அதாவது பைலட்டுக்கான மருத்துவச் சோதனை எடுங்கோ. தம்பியோடு போகவிருந்த இன்னொரு பிள்ளைக்கு, காசு கட்டின பிறகுதான் புள்ளிப் படத்தில் இலக்கம் வாசிக்கும் சோதனையில் சிவப்பு பச்சை பிரித்தறிய வரவில்லை என்று தெரிந்தது. லைசென்ஸை இங்கே மாற்ற என்ன வேண்டும் என்பதை ஏஜென்சியிடம் கேட்காமல் இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடமே எழுதிக் கேளுங்கோ. நாட்டில் ஹெலி ஓடுகிற வேலை பெரும்பாலும் விமானப்படையின் கையில் இருக்கிறது என்பதையும் யோசியுங்கோ. அமெரிக்கப் பள்ளி என்றால் மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 கடதாசி கொடுக்க அனுமதி உள்ளதா என்பதை அந்நாட்டு அரசின் பட்டியலிலேயே பார்க்கலாம். எங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இருந்தது, அதனால் அதோடு நிற்க வேண்டாம். இப்போது அங்கே படிக்கிற பிள்ளையோடு நேரே கதையுங்கோ: போன மாதம் எத்தனை மணித்தியாலம் பறந்தாய் என்று.

தம்பி இப்போது ஒரு கராஜில் வேலை பழகுகிறான். காணி ஈட்டில்தான் கிடக்கிறது. ஒப்பந்தம், ரசீது, லொக் புத்தகத்தின் பிரதி, மீற்றர் தெரிகிற அந்தப் படம் எல்லாம் என்னிடம் இருக்கிறது. கேட்கிற எந்தத் தாய் தகப்பனுக்கும் காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போகிறவர்கள் எழும்பி நின்று ஒரு கேள்வி கேளுங்கோ: "உங்கடை மெசினிலை இப்ப எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கு?" அவர் சொல்லுகிற பதிலை இங்கே கீழே எழுதிவிடுங்கோ.